விளிம்படித் துப்பாக்கியில் உறை வெளியேற்றக் கோளாறுகள்

உறை வெளியேற்றக் கோளாறு என்பது, சுட்ட பின்னர் தோட்டா அறையில் எஞ்சும் வெற்றுறை வெளியே இழுக்கப்படாமலோ, இழுக்கப்பட்ட பின்னும் துப்பாக்கிக்கு வெளியே எறியப்படாமலோ தங்கிவிடும் நிலை ஆகும். கையால் இயக்கப்படும் போல்ட் கொண்ட .22 துப்பாக்கிகளில் இது அடிக்கடி காணப்படும் பழுதாகும். பெரும்பாலான வேளைகளில் அழுக்கு, தேய்மானம், பொருந்தாத தோட்டா ஆகிய மூன்றில் ஒன்றே இதற்குக் காரணமாக இருக்கும். எனினும் காரணத்தை அறியாமல் உறுப்புகளை அராவுவதாலும் வளைப்பதாலும், எளிதில் தீரக்கூடிய கோளாறு நிலையான பழுதாக மாறிவிடுவதுண்டு. அறையில் சிக்கியிருப்பது சுடப்படாத தோட்டாவாக இருந்தால், தவறான கையாளுகை விபத்திலும் முடியலாம்.

இக்கட்டுரை .22 லாங் ரைபிள் எனப்படும் தோட்டாவைப் பயன்படுத்தும் போல்ட் வகைத் துப்பாக்கிகளை முன்வைத்து, இக்கோளாறுகள் ஏன் தோன்றுகின்றன, அவற்றை எவ்வாறு இனங்காண்பது, எவ்வாறு சரிசெய்வது என்பவற்றை விளக்குகிறது.

விளிம்படித் தோட்டா

தோட்டா என்பது பித்தளை உறை, வெடிமருந்து, தீமூட்டுக் கலவை, ஈயக் குண்டு ஆகிய நான்கும் சேர்ந்த ஒரு பொதி ஆகும். பெரிய துப்பாக்கிகளின் தோட்டாக்களில் தீமூட்டுக் கலவை உறையின் அடிப்பகுதியின் நடுவே தனிக் குப்பியில் இருக்கும். விளிம்படித் தோட்டாவில் அக்கலவை, உறையின் அடியில் வெளியே பிதுங்கி நிற்கும் உள்ளீடற்ற விளிம்புக்குள் பரப்பப்பட்டிருக்கும். அடியூசி அவ்விளிம்பை நசுக்கும்போது கலவை தீப்பற்றுகிறது.

இம்முறையின் தொடக்கம் 1845 ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் லூயி-நிக்கோலா ஃபுளோபேர் வடிவமைத்த தோட்டாவில் இருந்ததாகக் கொள்ளப்படுகிறது. அமெரிக்காவின் சிமித் அன்ட் வெசன் நிறுவனம் 1857 இல் .22 ஷார்ட் தோட்டாவை வெளியிட்டது. இன்று உலகெங்கும் பயன்படும் .22 லாங் ரைபிள் 1887 இல் ஸ்டீவன்ஸ் நிறுவனத்தால் அறிமுகப்படுத்தப்பட்டது.

இத்தோட்டாவின் அளவுகள் ஏறத்தாழப் பின்வருமாறு:

- உறையின் விட்டம்: 5.7 மி.மீ.
- விளிம்பின் விட்டம்: 7.1 மி.மீ.
- விளிம்பின் தடிமன்: 1.1 மி.மீ.
- உறையின் நீளம்: 15.6 மி.மீ.
- தோட்டாவின் முழு நீளம்: 25.4 மி.மீ. (ஓர் அங்குலம்)

இந்த அளவுகளிலிருந்தே கோளாறுகளின் மூலம் புலப்படும். விளிம்பு உறையைவிட ஒவ்வொரு பக்கமும் சுமார் 0.7 மி.மீ. மட்டுமே வெளியே நிற்கிறது. உறையை இழுக்கும் கொக்கிக்குக் கிடைக்கும் பிடிமானம் அவ்வளவே. மேலும், அடியூசியின் அடியில் நசுங்க வேண்டியிருப்பதால் விளிம்பு மெல்லிய பித்தளையால் ஆனது. ஆகவே உறை இறுகிச் சிக்கினால் கொக்கி விளிம்பைக் கிழித்துக்கொண்டு வழுவிவிடும்.

மூன்றாவதாக உறையின் வடிவத்தையும் கருத வேண்டும். பெரிய துப்பாக்கிகளின் உறைகள் பெரும்பாலும் பின்புறம் அகன்று முன்புறம் குறுகியிருக்கும். அவை சற்றே பின்னால் நகர்ந்தவுடன் அறைச் சுவரிலிருந்து முற்றாக விடுபட்டுவிடும். .22 உறையோ கிட்டத்தட்ட நேர் உருளை ஆகும். ஆகவே அது முழு நீளமும் சுவரை உராய்ந்துகொண்டே வெளிவர வேண்டியுள்ளது. அறையில் சிறிதளவு அழுக்கு படிந்தாலும் இழுப்பு கடினமாவது இதனாலேயே.

நான்காவது காரணம் மெழுகு. இத்தோட்டாவின் குண்டும் உறையும் ஏறத்தாழ ஒரே விட்டம் கொண்டவை. எனவே குண்டின் மீது பூசப்படும் மசகு மெழுகு வெளியிலேயே நிற்கிறது. ஒவ்வொரு தோட்டாவும் அறைக்குள் நுழையும்போது அதில் ஒரு சிறு பகுதி அறைச் சுவரில் ஒட்டிக்கொள்கிறது.

வெளியேற்றம் நடைபெறும் முறை

சுடும்போது உண்டாகும் அழுத்தம் உறையை விரியச் செய்து அறைச் சுவருடன் ஒட்டவைக்கிறது. இதனால் வளிமங்கள் பின்னோக்கிக் கசிவதில்லை. .22 லாங் ரைபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தரநிலை வகுத்துள்ள உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 24,000 பவுண்டு ஆகும். குண்டு குழலை விட்டு வெளியேறியதும் அழுத்தம் குறைகிறது. பித்தளை தன் மீள்தன்மையால் சற்றே சுருங்கிச் சுவரை விட்டு விலகுகிறது. அதன்பின் நிகழ்பவை:

1. போல்ட்டின் கைப்பிடி மேலே உயர்த்தப்படுகிறது. பூட்டு விடுபடுகிறது. பல துப்பாக்கிகளில் கைப்பிடியின் அடிப்பகுதி உடற்கூட்டின் ஒரு சாய்தளத்தில் ஏறுவதால், போல்ட் சிறிதளவு பின்னோக்கி நகர்கிறது. இதனை முதல் இழுப்பு எனலாம். கைப்பிடி ஒரு நெம்புகோலாகச் செயற்படுவதால், ஒட்டிய உறையை அசைக்க இப்போதுதான் மிகுந்த விசை கிடைக்கிறது.
2. போல்ட் பின்னோக்கி இழுக்கப்படுகிறது. எக்ஸ்ட்ராக்டர் எனப்படும் இழுகொக்கி விளிம்பைப் பற்றி உறையை அறையிலிருந்து வெளியே கொண்டுவருகிறது. இக்கொக்கி வழக்கமாகப் போல்ட் முகத்தின் வலப்பக்கம் அமைந்திருக்கும்.
3. போல்ட் தன் பயணத்தின் முடிவை நெருங்கும்போது, உறையின் இடப்பக்க விளிம்பு எஜெக்டர் எனப்படும் தள்ளுமுனையில் மோதுகிறது. பெரும்பாலான விளிம்படித் துப்பாக்கிகளில் தள்ளுமுனை உடற்கூட்டில் நிலையாகப் பொருத்தப்பட்ட ஓர் எஃகுத் தகடு ஆகும். சிலவற்றில் அது மேகசின் பொருந்தும் கூட்டோடு இணைந்திருக்கும்.
4. இடப்பக்கம் தடைப்பட்ட உறை, வலப்பக்கக் கொக்கியை அச்சாகக் கொண்டு சுழன்று, பக்கவாட்டுத் திறப்பின் வழியே வெளியே பறக்கிறது.

அன்சூட்ஸ் 64, சி.இசட் 452 போன்ற துப்பாக்கிகளில் போல்ட்டின் இருபுறமும் கொக்கிகள் உண்டு. வலக்கொக்கி இழுக்கிறது. இடக்கொக்கி உறை கீழே சாயாமல் தாங்கிக்கொள்கிறது. ஒரே கொக்கி உள்ள துப்பாக்கிகளில் இவ்வேலையைப் போல்ட் முகத்தின் குழிவான விளிம்பு செய்கிறது.

நிலையான தள்ளுமுனை கொண்ட துப்பாக்கியில் உறை எவ்வளவு தொலைவு பறக்கும் என்பது போல்ட்டை இழுக்கும் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாக இழுத்தால் உறை அருகிலேயே விழும். இது பழுது அன்று.

கோளாறை இனங்காணல்

உறை இழுப்பும் உறை எறிதலும் இரு வேறு செயல்கள். முதலில் எது தவறியது என்பதைப் பிரித்தறிய வேண்டும். போல்ட்டைத் திறந்த பின்னும் உறை அறையிலேயே இருந்தால் அது இழுப்புக் கோளாறு. உறை அறையை விட்டு வந்து, உடற்கூட்டின் உள்ளே கிடந்தாலோ போல்ட்டுக்கும் அறைக்கும் இடையில் நெரிபட்டாலோ அது எறிதல் கோளாறாக இருக்கலாம். ஆனால் தளர்ந்த கொக்கி உறையைப் பாதிவழியில் நழுவவிட்டாலும் இதே தோற்றம் உண்டாகும்.

தூய்மைக்கோல் சோதனை

அறையில் தங்கியிருப்பது வெற்றுறையே என்பதை ஐயமின்றி உறுதிசெய்த பின்னர், போல்ட்டைக் கழற்றி, தூய்மைக்கோலைக் குழல்வாய் வழியாக நுழைத்து உறையை மெல்லத் தள்ளிப் பார்க்கலாம். உறை எளிதில் வெளியே விழுந்தால் அறையில் குறையில்லை. கொக்கியே பிடிக்கத் தவறியது. தட்டித் தள்ள வேண்டியிருந்தால் குறை அறையிலோ தோட்டாவிலோ உள்ளது. இந்த ஒரு சோதனையே தேடும் பரப்பைப் பாதியாகக் குறைத்துவிடும்.

விளிம்பின் தடம்

சிக்கிய உறையின் விளிம்பை உருப்பெருக்கியால் நோக்க வேண்டும். கொக்கி கடித்துக் கிழித்த தடம் தெளிவாகத் தெரிந்தால், கொக்கி நன்றாகப் பற்றியுள்ளது, உறைதான் இறுகியிருந்தது என்று பொருள். தடமே இல்லையெனில் கொக்கி விளிம்பைத் தாண்டி வழுவியிருக்கிறது.

உறைச் சுவரின் கீறல்

அடியூசி விளிம்பில் எப்போதும் ஒரே இடத்தில் அடிக்கிறது. எனவே அந்த அடித்தடம், உறை அறைக்குள் எந்த நிலையில் இருந்தது என்பதைக் காட்டும் குறியாக அமைகிறது. பல உறைகளிலும் அடித்தடத்திலிருந்து ஒரே கோணத்தில் ஒரு கீறலோ புடைப்போ காணப்பட்டால், அறையில் அதே இடத்தில் பிசிறு அல்லது குழி உள்ளது எனக் கொள்ளலாம். கீறல்கள் ஒழுங்கின்றி வெவ்வேறு இடங்களில் இருந்தால் அவை பெரும்பாலும் அழுக்கினால் உண்டானவை.

கொக்கியின் பிடி

கழற்றிய போல்ட்டின் முகத்தில் ஒரு வெற்றுறையின் விளிம்பைக் கையால் கொக்கிக்குள் செருக வேண்டும். போல்ட்டைக் கிடையாகப் பிடித்து மெல்ல அசைத்தாலும் உறை விழாமல் நிற்க வேண்டும். விரலால் இடப்பக்கத்திலிருந்து தள்ளினால் துள்ளி விடுபட வேண்டும். தானாகத் தொங்கினாலோ விழுந்தாலோ கொக்கியின் வில் தளர்ந்துள்ளது, அல்லது கொக்கியின் முனை மழுங்கியுள்ளது. இச்சோதனைக்குச் சுடப்படாத தோட்டாவைப் பயன்படுத்தக் கூடாது.

காரணங்களும் தீர்வுகளும்

பழுது நீக்குவதில் ஒரு பொதுவிதி உண்டு. மீளப்பெறத்தக்க செயல்களை முதலிலும், உலோகத்தை நீக்கும் செயல்களைக் கடைசியிலும் செய்ய வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றி, குறைந்தது பத்துத் தோட்டாக்களாவது சுட்டு விளைவை நோக்க வேண்டும். இரண்டை ஒருசேர மாற்றினால் எது பயன் தந்தது என்பது தெரியாமற் போகும்.

அழுக்கடைந்த அறை

மெழுகு, ஈயத் துகள், வெடிமருந்தின் கரி ஆகியவை கலந்து அறையின் முன்பகுதியில் வளையமாக இறுகுகின்றன. குழலைத் தூய்மை செய்பவர் அறையையும் தூய்மை செய்துவிட்டதாக எண்ணுவது இயல்பு. ஆனால் அறையின் விட்டம் குழலின் உள்விட்டத்தைவிடச் சற்றே பெரியது. குழலுக்கான தூரிகை அறைச் சுவரை அழுத்தமாகத் தொடுவதில்லை. ஆகவே கரைப்பானில் நனைத்த, சற்றே பெரிய வெண்கலத் தூரிகையை அறைக்குள் மட்டும் நுழைத்துச் சுழற்ற வேண்டும். சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். அறையில் எண்ணெய் எஞ்சியிருக்கக் கூடாது.

.22 லாங் ரைபிள் அறையில் .22 ஷார்ட் தோட்டாக்களையும் சுட இயலும். ஆனால் அவற்றின் உறை குட்டையானது. அவற்றை மிகுதியாகச் சுட்டால், குட்டை உறை முடியும் இடத்துக்கு முன்னால் கரிவளையம் படிகிறது. பின்னர் நீளமான உறை அவ்வளையத்தின் மீது விரிந்து சிக்கிக்கொள்கிறது. நெடுங்காலம் இவ்வாறு பயன்பட்ட பழைய குழல்களில் அவ்விடம் அரிக்கப்பட்டும் இருக்கலாம். அந்நிலையில் தூய்மை செய்வதால் மட்டும் பயன் கிட்டாது.

கொக்கியின் அடியில் அழுக்கு

கொக்கி அமர்ந்திருக்கும் பள்ளத்திலும், குழலின் பின்முகத்தில் கொக்கிக்காக வெட்டப்பட்ட இடத்திலும் மெழுகும் கரியும் அடைந்தால் கொக்கி முழுமையாக உள்ளே மூட முடியாது. மரத்தாலான பல்குச்சியும் கரைப்பானும் இதற்குப் போதுமானவை. கொக்கி சரியில்லை எனக் கருதிப் புதியது வாங்குவதற்கு முன்னர் இதைச் செய்து பார்த்தல் வேண்டும்.

தேய்ந்த கொக்கி, தளர்ந்த வில்

கொக்கியின் உட்புறப் பற்றுமுகம் கூர்மையாகவும், இழுக்கும்போது விளிம்பைப் போல்ட்டின் நடுவை நோக்கி ஈர்க்கும்படி சற்றே உட்சாய்வாகவும் இருக்க வேண்டும். அம்முகம் வெளிச்சாய்வாகத் தேய்ந்துவிட்டால், எவ்வளவு வலுவாக இழுக்கிறோமோ அவ்வளவு எளிதில் கொக்கி வழுவும். வலுவான வில்லும் இதைச் சரிசெய்யாது.

வில்லைப் புதிதாக மாற்றுவதே சிறந்தது. பழைய சுருள்வில்லை இழுத்து நீட்டுவதும், தட்டைவில்லை வளைப்பதும் சில நாட்களுக்கே பயன் தரும். கொக்கியும் மாற்றத்தக்க உறுப்பே. மாற்றுக் கொக்கி கிடைக்காத பழைய துப்பாக்கிகளில், தேர்ந்த பணியாளர் மென்மையான எண்ணெய்க் கல்லால் பற்றுமுகத்தை மட்டும் தீட்டுவதுண்டு. மிகையாகத் தீட்டினால் கொக்கி விளிம்பை எட்டாமற் போகும். நீக்கிய உலோகத்தை மீண்டும் சேர்க்க இயலாது.

அறை வாயில் பிசிறு

தோட்டா இல்லாத துப்பாக்கியின் விசையை இழுக்கும்போது, சில வடிவமைப்புகளில் அடியூசி அறை வாயின் எஃகு விளிம்பையே தாக்குகிறது. பலமுறை இவ்வாறு நிகழ்ந்தால் அங்கே ஒரு பள்ளம் விழுந்து, இடம்பெயர்ந்த உலோகம் அறைக்குள் பிசிறாகத் துருத்துகிறது. உறையைச் செருகுவதும் இழுப்பதும் கடினமாகிறது. அடித்தடத்துக்கு நேர்கீழே உறைச் சுவரில் கீறல் தோன்றுவது இதன் அடையாளம்.

இதனைச் சரிசெய்யக் கடினமாக்கப்பட்டு மெருகேற்றப்பட்ட கூம்பு வடிவக் கருவி ஒன்று உண்டு. அது உலோகத்தை வெட்டுவதில்லை. துருத்திய பகுதியை அழுத்தி, வந்த இடத்துக்கே திருப்பி அனுப்புகிறது. அரத்தாலோ துளைக்கருவியாலோ பிசிறை நீக்கினால் அறை அகன்று, அவ்விடத்தில் விளிம்புக்குத் தாங்கல் இல்லாமற் போகும். விசையைத் தோட்டா இன்றி இழுக்கலாமா என்பதை அந்தந்தத் துப்பாக்கியின் கையேட்டைப் பார்த்து அறிய வேண்டும். பயிற்சிக்கெனச் செய்யப்பட்ட போலித் தோட்டாக்களைப் பயன்படுத்துவது பாதுகாப்பானது.

பொருந்தாத தோட்டா

போட்டித் துப்பாக்கிகளின் அறைகள் துல்லியத்துக்காக மிகக் குறுகலாகச் செதுக்கப்படுகின்றன. பொதுப் பயன்பாட்டுத் தோட்டாக்கள், குறிப்பாக மிகுவேகத் தோட்டாக்கள், அவற்றில் இறுகலாம். ஒரு வகைத் தோட்டாவில் மட்டும் கோளாறு தோன்றி வேறு வகையில் தோன்றாவிடின், துப்பாக்கியைத் தொடத் தேவையில்லை. குளிர் மிகுந்த இடங்களில் மெழுகு இறுகுவதும் செருகலையும் இழுப்பையும் கடினமாக்கும்.

தள்ளுமுனைக் குறைகள்

தள்ளுமுனை வளைந்திருத்தல், முனை மழுங்கியிருத்தல், அதைத் தாங்கும் திருகு தளர்ந்திருத்தல், அது ஓடும் போல்ட் பள்ளத்தில் அழுக்கு அடைந்திருத்தல் ஆகியவை பொதுவான குறைகள். வெற்று உடற்கூட்டில் போல்ட்டை மெல்லப் பின்னிழுத்து, பயணத்தின் முடிவில் தள்ளுமுனை போல்ட் முகத்துக்கு முன்னால் போதிய அளவு நீண்டு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்த பின்னர் திருகை இறுக்குதல், பள்ளத்தைத் தூய்மை செய்தல், தேவையெனில் உறுப்பை மாற்றுதல் என்ற வரிசையில் செல்லலாம்.

துப்பாக்கியின் குறையே அல்லாத காரணங்களும் உண்டு. போல்ட்டைப் பின்முனை வரை இழுக்காதிருத்தல் அவற்றுள் முதன்மையானது. தாழ்வாகப் பொருத்தப்பட்ட தொலைநோக்கியின் அடிப்பகுதியில் மோதி உறை உள்ளே திரும்பி விழலாம். மேகசினில் உள்ள அடுத்த தோட்டா மேலெழுந்து உறையின் நிலையைக் குலைக்கலாம். மேகசினைக் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாகச் சுட்டால் கோளாறு மறைகிறதா என்று பார்ப்பது இதனை அறியும் வழி. மேகசின் கூட்டோடு தள்ளுமுனை இணைந்த வகைகளில் கூட்டைத் தாங்கும் திருகுகளையும் சோதிக்க வேண்டும்.

லீ-என்ஃபீல்டு துப்பாக்கியை .22 பயிற்சித் துப்பாக்கியாக மாற்றியமைத்த வகைகளில், உள்ளீடற்ற மேகசின் கூடு வெற்றுறைகள் விழும் பெட்டியாகவே பயன்பட்டது. இத்தகைய துப்பாக்கியில் உறை வெளியே பறக்காதது கோளாறு அன்று. பழுதுபார்க்கத் தொடங்குமுன் அந்த வடிவமைப்பு என்ன செய்யவேண்டும் என்பதை அறிந்திருத்தல் தேவை.

உடனே நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

உறை வெடித்திருத்தல், விளிம்பு புடைத்திருத்தல், சுடுபவரின் முகத்தை நோக்கி வளிமம் கசிதல் ஆகியவை உறை இழுப்புச் சிக்கல்கள் அல்ல. போல்ட்டுக்கும் அறைக்கும் இடையிலான இடைவெளி மிகுந்திருப்பதையோ அறை சிதைந்திருப்பதையோ அவை காட்டக்கூடும். அத்துப்பாக்கியைத் தேர்ந்த பணியாளர் ஆய்ந்து முடிக்கும் வரை சுடக் கூடாது.

பாதுகாப்பு

- விசையை இழுத்தும் தோட்டா வெடிக்கவில்லையெனில், குழல்வாயை இலக்கின் திசையிலேயே வைத்துக் குறைந்தது 30 நொடி காத்திருக்க வேண்டும். தீமூட்டுக் கலவை தாமதமாகப் பற்றக்கூடும்.
- ஒலி வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் குண்டு குழலிலேயே தங்கியிருக்கலாம். குழலின் உட்புறத்தைச் சோதிக்காமல் அடுத்த தோட்டாவைச் செருகக் கூடாது.
- சுடப்படாத தோட்டா அறையில் சிக்கினால், அதைக் கோலால் குத்தித் தள்ளக் கூடாது. கத்தி, திருப்புளி போன்றவற்றால் விளிம்பை நெம்பவும் கூடாது. வெடிக்கும் கலவை அவ்விளிம்பின் சுற்று முழுவதும் பரவியுள்ளது. அது வெடித்தால், பின்புறம் போல்ட்டின் தாங்கல் இல்லாத உறை சிதறிக் கையையும் கண்ணையும் தாக்கும். அத்தோட்டாவை அகற்றுவது படைக்கலப் பணியாளரின் வேலை.
- குறுகலான போட்டி அறைகளில் குண்டு குழலின் புரிகளில் பதிந்து நிற்கும். சுடாமல் போல்ட்டைத் திறந்தால் உறை மட்டும் வந்து, குண்டு குழலில் தங்கி, வெடிமருந்து உள்ளே சிதறலாம்.
- குழல்வாய் வழியாகக் கோல் நுழைக்கும்போது, கோல் விளிம்பை உராயாமல் இருக்க வழிகாட்டி வளையம் பயன்படுத்த வேண்டும். குழல்வாயின் சிறு சிதைவும் குறியின் துல்லியத்தைக் கெடுக்கும்.
- கரைப்பானையும் வில்களையும் கையாளும்போது கண்ணாடி அணிய வேண்டும். பணி மேசையில் தோட்டாக்கள் இருக்கக் கூடாது.

இந்தியாவில்

இந்தியாவில் தேசிய மாணவர் படையின் சுடுபயிற்சியில் .22 துப்பாக்கி பயன்படுகிறது. தமிழ்நாட்டு மாணவர்கள் பலருக்கும் இதுவே முதன்முதலாகக் கையில் எடுக்கும் துப்பாக்கி ஆகும். ஒலிம்பிக் போட்டிகளின் 50 மீட்டர் துப்பாக்கிச் சுடுதலிலும் .22 லாங் ரைபிள் தோட்டாவே பயன்படுத்தப்படுகிறது. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் 50 மீட்டர் மூன்று நிலைப் பிரிவில் இந்தியாவின் சுவப்னில் குசாலே வெண்கலப் பதக்கம் வென்றார்.

இந்தியாவில் துப்பாக்கி வைத்திருப்பது 1959 ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்துக்கு உட்பட்டது. துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் தொழிலுக்கும் அச்சட்டத்தின்படி உரிமம் தேவை. ஆகவே தூய்மை செய்தலுக்கு அப்பாற்பட்ட வேலைகளை உரிமம் பெற்ற பணியாளரிடமே ஒப்படைக்க வேண்டும். பயிற்சி முகாமில் துப்பாக்கி சிக்கிக்கொண்டால், மாணவர் குழல்வாயை இலக்கின் திசையில் வைத்தவாறே கையை உயர்த்திப் பயிற்றுநரை அழைக்க வேண்டும். தாமாகத் திறக்க முயலக் கூடாது. எத்தனையாவது தோட்டாவில், போல்ட்டின் எந்நிலையில் சிக்கியது என்பதைக் கவனித்துச் சொன்னால் அது பழுதைக் கண்டறியப் பெரிதும் உதவும்.

சுருக்க அட்டவணை

- உறை அறையில் உள்ளது, கோலால் எளிதில் விழுகிறது: கொக்கி, அதன் வில், அதன் அடியில் உள்ள அழுக்கு.
- உறை அறையில் உள்ளது, விளிம்பு கிழிந்துள்ளது: அழுக்கடைந்த அறை, பிசிறு, பொருந்தாத தோட்டா.
- ஒரே இடத்தில் கீறல்: அறை வாயில் பிசிறு அல்லது துருக்குழி.
- உறை பாதிவழியில் விழுகிறது: தளர்ந்த கொக்கி, இடக்கொக்கியின் குறை.
- உறை பின்முனை வரை வந்தும் எறியப்படவில்லை: தள்ளுமுனை, முழுமையாக இழுக்கப்படாத போல்ட்.
- வெளியே சென்ற உறை உள்ளே திரும்புகிறது: தொலைநோக்கியின் பொருத்தி.

இவற்றையும் பார்க்க

- துப்பாக்கி
- தோட்டா
- தேசிய மாணவர் படை
- ஒலிம்பிக்கில் துப்பாக்கிச் சுடுதல்